வலை விழாத கடல்

தேத்தண்ணியைக் கையில் எடுங்கோ. இது ஆறுதலாகப் பேச வேண்டிய விசயம். ஒரு பத்திரிகையில் பெரிய ஊழல் செய்தி வருகிறது. கீழே, இன்ன வெளிநாட்டுப் புலனாய்வு அமைப்போடு சேர்ந்து தயாரித்தது என்று ஒரு வரி. புளியங்கூடலில் அதைக் கைபேசியில் வாசிக்கும் நமக்கு உடனே ஒரு கேள்வி எழும்: அந்த அமைப்புக்குக் காசு கொடுப்பது யார்? நல்ல கேள்விதான். ஆனால் அதன் விடை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று பார்ப்போம்.

முதலில், பத்திரிகைக்குப் பங்காளி ஏன்? 2022 மார்ச்சில் 'தி ஐலண்ட்', 'திவயின' நாளிதழ்கள் இரண்டும் அச்சுத்தாள் இல்லாமல் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்த வேண்டி வந்தது. தாள் வாங்கவே திண்டாடும் பத்திரிகை, மொரிசியஸ் போன்ற வெளிநாடுகளின் கம்பனிப் பதிவுகளைக் கிளற ஒரு நிருபரை மாதக்கணக்கில் விட்டுவைக்க ஏலாது. ஆவணமும் அதை வாசிக்கத் தெரிந்தவர்களும் வைத்திருக்கும் அமைப்போடு சேருவதே அதற்கு வழி.

இந்தக் கூட்டு நடக்கும் விதத்துக்கு வரிப் புகலிடக் கம்பனிகள் பற்றி 2016இல் வெளிவந்த பனாமா ஆவணங்கள் நல்ல உதாரணம். 1 கோடி 15 இலட்சம் ஆவணங்கள் ஒரு ஜெர்மன் நாளிதழின் கைக்கு வந்தன. தனியே வாசித்து முடிக்க ஏலாததால், அது சர்வதேசப் புலனாய்வு ஊடகவியலாளர் கூட்டமைப்பின் ஊடாக நூற்றுக்கும் மேற்பட்ட ஊடகங்களோடு அவற்றைப் பகிர்ந்தது. உள்ளூர்ப் பெயர்களையும் உறவுகளையும் அந்தந்த நாட்டு நிருபர்களே அடையாளம் கண்டார்கள்.

இனி, சர்ச்சைக்கு வருவோம். ஓ.சி.சி.ஆர்.பி. என்பது ஊழலையும் திட்டமிட்ட குற்றங்களையும் துருவும் அமைப்பு. அதன் செலவில் ஏறத்தாழப் பாதி அமெரிக்க அரசின் பணம் என்று 2024 டிசம்பரில் பிரான்சின் 'மீடியாபார்ட்' வேறு சில ஊடகங்களோடு சேர்ந்து எழுதியது. முக்கிய நியமனங்களில் அமெரிக்கா மறுப்புச் சொல்லலாம், அந்தப் பணத்தில் அமெரிக்க விவகாரங்களைத் துருவ முடியாது என்பவையும் அதில் இருந்தன. தாம் எழுதுவதில் கொடையாளர் எவரும் தலையிடுவதில்லை, அமெரிக்காவைத் துருவ வேறு பணம் இருக்கிறது என்று ஓ.சி.சி.ஆர்.பி. பதில் சொன்னது.

இதே அமைப்புத்தான் 2023 ஓகஸ்டில் மொரிசியஸ் நிதியங்கள் வழியாக இந்தியாவின் அதானி குழுமப் பங்குகளில் நடந்த முதலீடுகள் பற்றி எழுதியது. அதானி குழுமம் அதை மறுத்தது. மன்னார், பூநகரியில் அந்தக் குழுமம் முன்பு திட்டமிட்டிருந்த காற்றாலைகளால் நமக்கும் பழகிய பெயர் அது. 'மீடியாபார்ட்' கட்டுரை வந்ததும் பாரதிய ஜனதா கட்சி அதைக் கையில் எடுத்து, அமெரிக்காவே இந்தியாவுக்கு எதிராக வேலை செய்கிறது என்றது. தன் கட்டுரை அப்படிச் சொல்லவில்லை என்று 'மீடியாபார்ட்டே' கண்டித்தது.

எல்லோரும் இடறுவது இங்கேதான். பணம் கொடுத்தவரின் பெயர் தெரிந்ததும், செய்தி பொய் என்று முடிவு கட்டிவிடுகிறோம். மறுபக்கத்தில், பங்காளி பேர்பெற்றவர் என்றால் செய்தியும் மெய் என்கிறோம். இரண்டும் ஒரே பிழை.

ஊர்காவற்றுறைக் கரையில் மீன் வாங்குவதை நினையுங்கோ. வள்ளத்துக்கு முற்பணம் கொடுத்த சம்மாட்டி யார் என்று கேட்டு, மீன் பழசா புதுசா என்று நாம் தீர்மானிப்பதில்லை. செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். செய்திக்குச் செவுள் ஆவணம்தான். ஆவணம் அசலா, குற்றம் சாட்டப்பட்டவரிடம் பதில் கேட்டார்களா, பத்திரிகை தானும் ஒருமுறை சரிபார்த்ததா என்று பார்க்க வேண்டும். இந்திய உச்ச நீதிமன்றமும் 2024 ஜனவரியில், அதானி பற்றிய ஓ.சி.சி.ஆர்.பி. அறிக்கையைச் சரிபார்க்காமல் ஆதாரமாகக் கொள்ள முடியாது என்றது. சரிபார்க்கப்படாதது வேறு, பொய் வேறு.

அப்படியானால் சம்மாட்டி யாராயிருந்தாலும் ஒன்றுதானா? இல்லை. இன்ன பக்கம் வலை போடாதே என்று அவர் சொல்லியிருந்தால், கரைக்கு வந்த மீனில் அது தெரியாது. வந்த மீன் அத்தனையும் நல்லதாகவே இருக்கும். வராத மீனைத்தான் நாம் காணமாட்டோம். கொடையாளரின் செல்வாக்கும் பெரும்பாலும் அப்படித்தான்: எழுதிய செய்தியைக் கெடுப்பதைவிட, சில செய்திகளை எழுதப்படாமலே விட்டுவிடும்.

ஆகவே, நலிந்த பத்திரிகை ஒன்று பங்காளியைத் தேர்ந்ததை விமர்சிக்க நமக்கு முழு உரிமை உண்டு. பங்காளியின் பணம் எங்கிருந்து வருகிறது, எதைத் துருவ அந்தப் பணத்துக்குத் தடை, எதைத் தாங்களே சரிபார்த்தார்கள் என்பதைச் செய்தியோடு சேர்த்து அச்சிடும்படி கேட்போம். ஒரே கையை நம்பியிருப்பதன் ஆபத்தையும் சொல்வோம்: 2025இல் அமெரிக்க உதவி நின்றபோது ஓ.சி.சி.ஆர்.பி. ஆட்களைக் குறைக்க வேண்டி வந்தது. வலை விழாமல் விடப்பட்ட திசையை வேறொரு பங்காளியோடு துருவச் சொல்வோம். அந்த விமர்சனம் பத்திரிகையைத் தாங்கிப் பிடிக்கும். பணம் கொடுத்தவரின் பெயரைச் சொல்லி ஆவணத்தைத் தூக்கி எறிந்தால், ஊழல் செய்தவருக்குத்தான் நாம் உதவியவர்கள் ஆவோம்.