சிலை என்றொரு மரம்

நோர்வேயில் கோடை பிறந்தால் வைக்கிங் சந்தைகளும் மத்தியகால விழாக்களும் தொடங்கிவிடும். கிழமை நாட்களில் கணினிக்கு முன்னால் இருப்பவர்கள் வார இறுதியில் கம்பளி அங்கியும் தோற் சப்பாத்தும் அணிந்து கூடாரங்களில் படுப்பார்கள். ஒருவர் இரும்பு காய்ச்சுவார், இன்னொருவர் தறியில் இருப்பார், சிலர் வில் எய்வார்கள். ஹாமாரில் இப்படி ஒரு விழா உண்டு. மேற்கே கூட்வாங்கனில் 2017இல் ஒரு வைக்கிங் ஊரையே கட்டித் திறந்தார்கள். வெளியில் நின்று பார்ப்பவருக்கு இது மாறுவேடப் போட்டிபோலத் தெரியும். உள்ளே வந்தால்தான் இது கைகளால் செய்யும் ஒருவகை ஆராய்ச்சி என்பது புரியும். பழைய பொருளை அளந்து, அதேபோல ஒன்றைச் செய்து, அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதுதான் இதன் சாரம்.

நான் இருப்பது ரொம்சோஸில். ஒஸ்லோவின் வடகிழக்கே, காட்டை ஒட்டி 1970களில் எழுந்த மாடிக் குடியிருப்பு இது. 1974இல் திறந்த இதன் நிலக்கீழ் ரயில் நிலையம் பாறையைக் குடைந்து அமைக்கப்பட்டது. வில்லெய்யும் சிறு குழுவொன்றில் நானும் சில வருடங்களாக இருக்கிறேன். அங்கே நான் மட்டும்தான் தமிழன். ஆகவே "உங்கள் ஆட்களின் பழைய வில் எப்படி இருக்கும்?" என்ற கேள்வி அடிக்கடி வரும். அவர்கள் கேட்பது பாட்டையோ கதையையோ அல்ல. நீளம் என்ன, என்ன மரம், நாண் எதனால் என்றுதான் கேட்கிறார்கள்.

அவர்களால் அப்படிக் கேட்க முடிகிறது. ஏனென்றால் அவர்களிடம் பொருட்கள் இருக்கின்றன. இன்று வடஜேர்மனியில் இருக்கும் ஹெடெபி என்ற பழைய வைக்கிங் வணிக நகரில் ஒரு முழு வில்லே கிடைத்திருக்கிறது. நீளம் சுமார் 190 சென்ரிமீற்றர். யோதுன்ஹைமன் மலைகளில் லாங்ஃபொன்ன என்ற பனித்திட்டு உருகியபோது 68 அம்புகள் வெளிப்பட்டன. மிகப் பழையவை ஆறாயிரம் ஆண்டுக்கு முந்தியவை, கடைசியானவை கி.பி. 1300ஐ ஒட்டியவை. பூமி சூடாவதால் கிடைக்கும் புதையல் இது. எடுக்காமல் விட்டால் வெயிலும் காற்றும் அதை அழித்துவிடும் என்பதால் தொல்லியலாளர்கள் கோடைதோறும் மலையேறி ஓடித் திரிகிறார்கள். மேற்கு நோர்வேயின் பழைய குலாதிங் சட்டமோ, போர்ப்படகின் ஒவ்வொரு துடுப்பிருக்கைக்கும் ஒரு வில்லும் இரண்டு டசின் அம்புகளும் வேண்டும் என்று கணக்கே சொல்கிறது. நமது ஈர வெப்ப மண்ணில் மரமும் நாரும் இவ்வளவு காலம் தாங்காது. நம்மிடம் எஞ்சியிருப்பவை சொற்கள்.

இடையில் ஒன்றைச் சொல்லவேண்டும். 2021 ஒக்டோபர் 13ஆம் திகதி கொங்ஸ்பெர்க் நகரில் ஒருவர் வில்லம்போடு தெருவில் இறங்கினார். அன்று ஐந்து பேர் கொல்லப்பட்டனர். உயிர்களைப் பறித்தது கத்தி போன்ற ஆயுதங்கள்தான் என்று பொலிசார் பிறகு சொன்னார்கள். ஆனால் மக்கள் மனதில் நின்றது வில். அதற்குப் பிறகு நான் வில்லை நாண் கழற்றி, தூண்டிற்பை ஒன்றில் வைத்துத்தான் ரயிலில் கொண்டுபோகிறேன். கறுத்த தோலுடன் ஆயுதம் சுமப்பது எப்படித் தெரியும் என்பதை யுத்தம் நடந்த நாட்டிலிருந்து வந்தவனுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. மீன் பட்டதா என்று சிலர் விசாரிப்பதும் உண்டு.

சொற்களுக்கு வருவோம். நோர்ஸ் புராணத்தில் வில்லுக்குரிய தெய்வம் உல். அவன் வீட்டின் பெயருக்கு யூ மரப் பள்ளத்தாக்கு என்று பொருள். யூ மரத்தின் வெளிவெண்மை இழுவையைத் தாங்கும், உள்வைரம் அமுக்கத்தைத் தாங்கும். இரண்டும் சேரும் இடத்தில் வெட்டினால் ஒரே மரத்துண்டு இரண்டு மரங்களை ஒட்டியதுபோல் வேலை செய்யும். வெண்மை வில்லின் முதுகில், வைரம் எய்பவனை நோக்கிய வயிற்றில். பழைய நோர்ஸ் கவிதையில் யூ மரத்தின் பெயரும் எல்ம் மரத்தின் பெயரும் வில்லையே குறிக்கும். இதைக் கேட்டபோது எனக்கு நினைவு வந்த சொல் 'சிலை'. சிலை என்றால் வில் என்று பள்ளியில் படித்தோம். வில் செய்யும் ஒருவகை மரம் என்ற பொருளும் அதற்கு உண்டு. ஒலித்தல் என்ற பொருளும் 'சிலைத்தல்' என்பதில் இருக்கிறது. மரம், கருவி, அது எழுப்பும் ஓசை மூன்றும் ஒரே சொல்லில்! எங்கள் குழுவில் இதைச் சொன்ன அன்று அம்பு எய்வது அரை மணித்தியாலம் நின்றுபோனது.

இன்னொன்று 'பூட்டுவில்'. செய்யுளின் முதலில் நிற்கும் சொல்லும் கடைசியில் நிற்கும் சொல்லும் இணைந்து பொருள் தருவதை நன்னூல் மரபு இப்படி அழைக்கிறது. மனப்பாடம் செய்தேனே தவிர அந்த உவமை என் கண்ணில் நின்றதில்லை. வில்லை எப்போதும் நாணேற்றி வைக்கக்கூடாது. வைத்தால் மரம் வளைவுக்குப் பழகி விசை இழந்துவிடும். தேவைப்படும் நேரத்தில், கீழ்நுனியைப் பாதத்தின் உட்புறத்தில் ஊன்றி, நடுவை இழுத்து, மேல்நுனியைத் தள்ளி, நாணின் கண்ணியை நுனிவெட்டில் ஏற்றவேண்டும். அந்த வெட்டுக்குத் தமிழில் குதை என்று பெயர். கண்ணி ஏறும்வரை அது வெறும் தடி. ஏறிய கணத்தில் தொலைவில் நின்ற இரண்டு நுனிகளும் ஒன்றையொன்று இழுக்கத் தொடங்கும், நடுவில் உள்ள அத்தனையும் விறைக்கும். இலக்கண ஆசிரியர்கள் வில்லுப் பூட்டுவதைப் பார்த்தவர்கள் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை. 'நாணேற்றினான்' என்று காவியத்தில் வரும்போதும் அது அலங்காரமல்ல. அதுவரை அவன் போருக்கு முடிவெடுக்கவில்லை என்று பொருள்.

கொல்லிமலை ஓரியின் 'வல்வில்'லும் அப்படித்தான். வன்பரணர் பாடிய புறநானூறு 152இல் ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி என்று துளைத்துக்கொண்டு போய்ப் புற்றிலுள்ள உடும்பில் தைக்கிறது. மிகை என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் புலவர் எதைப் புகழ்கிறார் என்று பாருங்கள்: முதலில் குறியையல்ல, ஊடுருவலை. வில்லை முழுதாய் இழுக்கத் தேவையான விசையை இறாத்தலில் சொல்வது வழக்கம். எங்கள் குழுவில் 30 இறாத்தலுக்கு மேல் இல்லை. 1545இல் மூழ்கிய மேரி றோஸ் என்ற ஆங்கிலேயக் கப்பலிலிருந்து எடுத்த போர்விற்களுக்கு 100 முதல் 185 இறாத்தல்வரை கணித்திருக்கிறார்கள். அதை இழுக்கச் சிறுவயதிலிருந்தே உடம்பு வளர்க்கவேண்டும். நோர்வேயின் வீரன் ஐனார் கதையிலும் இதே பெருமை வரும். கி.பி. 1000ஐ ஒட்டிய கடற்போரில் அவன் வில் முறிய, அரசன் தன் வில்லைக் கொடுக்கிறான். அதை அம்புமுனைக்கும் அப்பால் இழுத்துப் பார்த்து, பலமில்லை என்று எறிந்துவிடுகிறான் ஐனார். 'வல்' என்ற அடைமொழி வில்லுக்குரியது, அதை இழுப்பவனின் தோளுக்கும் உரியது.

நாண் எதனால் என்ற கேள்விக்கு ஒரு தடயம் பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. அங்கே ஓர் இடையன் குமிழங் கொம்பை வளைத்து மரல் நாரை நரம்பாகக் கட்டி வில்யாழ் செய்கிறான். அந்த மரலுக்கு ஆங்கிலத்தில் இந்திய வில்நாண் சணல் என்றுதான் பெயர். அதன் நெருங்கிய உறவுச் செடி ரொம்சோஸ் யன்னல்களில் தொட்டி தொட்டியாக நிற்கிறது. நோர்வேஜியர் அதை 'மாமியார் நாக்கு' என்கிறார்கள். ஒரு நாக்கை அறுத்து, மழுங்கிய கத்தியால் சதையைச் சுரண்டினேன். வெள்ளை நார் வந்தது. ஓர் இலை ஒரு நாணுக்குப் போதாது. இரண்டு புரியாகத் திரித்து, இடையிடையே புது நார் சேர்த்து நீட்டவேண்டும். பிள்ளைகளின் வில்லொன்றில் அதைப் பூட்டி விரலால் தெறித்தபோது நல்ல நாதம் வந்தது. மிச்சமுள்ள இலைகளைத் தொடக்கூடாது என்று வீட்டில் உத்தரவு.