யாருக்கு யார்?

கொற்கை, ஏரல் பக்கத்துப் பழைய வீடுகளில் தார்சா என்னும் முன்கூடத்துக்குள் நுழைந்தால், தலைக்கு மேலே ஒரு குடும்பமே கண்ணாடிச் சட்டங்களில் சாய்ந்து நிற்கும். எந்தப் படத்தின் கீழும் பெயர் இருக்காது. தேவையும் இருந்ததில்லை, கேட்டால் சொல்வதற்கு ஆச்சி இருந்தாள்.

"இவுக கொழும்புத் தாத்தா. எங்க ஐயாவுக்குச் சின்னையா மகன். பக்கத்துல நிக்கது அவுக மச்சினன். ஆத்தூர்ல பொண்ணு எடுத்தவுக."

ஆச்சியின் பேச்சில் பெயருக்கு முன்னால் முறைதான் வரும். தாத்தா பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால் ஒரே குடும்பத்தில் மூன்று ஆறுமுகம் இருப்பார்கள். கட்டியவர் பெயரையோ அவள் வாய்விட்டுச் சொல்லமாட்டாள். ஆகவே யாருக்கு யார் என்பதே அடையாளம்.

ஆச்சி போன பிறகு படமே சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. காது தோள்வரை தொங்கிப் பாம்படம் ஆடினால் அவள் மூத்த தலைமுறை. அருகில் காது தைத்துக் கம்மல் போட்டு நிற்பவள் மகளாகவோ மருமகளாகவோ இருக்கலாம். நெற்றியில் பொட்டில்லாமல் ஆச்சி மட்டும் உட்கார்ந்திருந்தால், தாத்தா காலமான பிறகு எடுத்த படமாக இருக்கக்கூடும். கோட்டையும் கைக்கடிகாரத்தையும் மட்டும் நம்பக் கூடாது. ஸ்டுடியோவில் இரவலாகக் கிடைத்தவை அவை. அட்டையின் பின்பக்க முத்திரை இன்னும் நம்பகமானது. முகவரியில் ஆறிலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் படம் 1972-க்கு முந்தியதல்ல. அதிலுள்ள மாவட்டப் பெயரும் காலம் சொல்லும்: கொற்கை அப்போது திருநெல்வேலி மாவட்டம். தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986-இல்தான்.

இன்று தார்சா இடிந்து மொட்டைமாடி வீடு எழுந்துவிட்டது. சட்டங்கள் டிரங்குப் பெட்டிக்குள் போயின. பிள்ளைகள் சென்னைக்கும் மும்பைக்கும் போனார்கள். கோயில் கொடை விழாவுக்கு ஊர் வரும்போது யாராவது பெட்டியைத் திறந்து, படத்தைச் செல்போனில் பிடித்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். தாராவியிலிருந்து ஓர் அத்தை, "இது எங்க பெரியம்மைலா" என்கிறாள். தாம்பரத்திலிருந்து சித்தப்பா மறுக்கிறார். இதில் லாபமும் உண்டு. முன்பு ஆச்சி சொன்னதே முடிவு. இன்று இரண்டு ஊர் நினைவுகளை ஒரே நேரத்தில் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

2015-இல் வந்த கூகுள் போட்டோஸ் ஒரே முகத்தைத் தேடி ஒன்றாக அடுக்கித் தருகிறது. ஆனால் அந்த முகம் அத்தையா மதினியா என்பதை நாம்தான் சொல்லவேண்டும். செல்போன் படத்தில் தேதி தானாகப் பதிகிறது, அனுமதித்தால் இடமும் பதிகிறது. உறவு மட்டும் பதிவதில்லை. இன்று எடுக்கும் ஆயிரம் படங்களும் ஐம்பது ஆண்டில் இதே கேள்வியைத்தான் கேட்கும்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் தேடி டிஜிட்டல் வடிவில் சேமித்தது. அப்படி ஒரு நிறுவனம் படத்தைக் காப்பாற்றலாம். படத்தில் இருப்பவருக்கு முறை சொல்ல வீட்டு ஆள்தான் வேண்டும்.

பொருளில் பெயர் எழுதுவது நமக்குப் புதிதல்ல. கொற்கையில் 1968-69 அகழாய்வில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. தமிழகத்தில் கிடைத்த இத்தகைய ஓடுகளில் பல, ஆட்பெயர்களைச் சுமப்பவை. நம் வீடுகளிலும் பெயர் வெட்டாத குடத்தைச் சீராகக் கொடுத்ததில்லை. பாத்திரத்துக்குக் காட்டிய அக்கறையைப் படத்துக்குக் காட்டாமல் விட்டோம். அந்தப் பாத்திரங்களே இன்று உதவும்: குடத்தில் வெட்டிய பெயரையும் கல்யாணத் தேதியையும் படத்தோடு ஒத்துப் பார்க்கலாம்.

அடுத்த கொடைக்குள், ஊரில் மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, மென்மையான பென்சிலால் பின்பக்கம் எழுதிவிடுங்கள். பேனா வேண்டாம், முன்பக்கம் அச்சு விழும். பெயர், யாருக்கு என்ன முறை, எந்த ஊர் என்பதோடு, சொன்னவர் யார், என்று சொன்னார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாளை இருவர் இரண்டு விதமாகச் சொன்னால், யார் சொல்லை நம்புவது என்று பேரப்பிள்ளைகள் முடிவு செய்ய அது போதும்.