பத்துச் சதப் புத்தகத்தின் பெறுமதி



பழைய புத்தகம் ஒன்றின் பெறுமதி யாது என எவரேனும் வினவினால், அதனை ஆக்கியோன் யார், அதனுள் அடங்கிய பொருள் யாது என்று ஆராய்வதே நம் வழக்கம். ஆயினும் ஒரு வகைப் புத்தகத்துக்கு மாத்திரம் இம்முறை பொருந்துவதில்லை. அதன் கதையை உலகெங்கும் சிறுவர் அறிவர். அதன் மறுபதிப்பு எந்தப் புத்தகசாலையிலும் மலிவாகக் கிடைக்கும். எனினும், அதன் முதற்பதிப்பின் ஒரு பிரதி மடிப்பும் கிழிவும் கறையும் இன்றித் தப்பியிருக்குமாயின், ஒரு மாளிகையின் விலையைப் பெற்றுவிடுகின்றது. அமெரிக்க நாட்டில் 1938 ஆம் ஆண்டு தொடக்கம் வெளிவந்த அதிமானிட வீரர்களின் சித்திரக்கதைப் புத்தகங்களையே குறிப்பிடுகின்றேன். உயர்ந்த தரம் என்று சேகரிப்போர் எதனைக் கூறுகின்றனர், அஃது ஏன் இத்துணை அரிதாயிற்று, அத்தரத்திலே ஒரு தொகுதியை எவ்வாறு கட்டியெழுப்புகின்றனர் என்பவற்றை விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

1938 ஆம் ஆண்டு யூன் மாதம் எனத் திகதியிடப்பெற்று, ‘அக்சன் கொமிக்ஸ்’ என்னும் சஞ்சிகையின் முதலாம் இதழ் வெளிவந்தது. கிளீவ்லாந்து நகரத்து இளைஞர் இருவர், ஜெரி சீகல், ஜோ சஸ்டர் என்போர், ‘சுப்பர்மேன்’ என்னும் தம் கற்பனை வீரனை அதிலேதான் உலகுக்கு அறிமுகஞ் செய்தனர். அவ்வீரனுக்குரிய உரிமை அனைத்தையும் அவர்கள் விற்றுப் பெற்ற தொகை 130 டொலர். இதழின் விலை 10 சதம். ஏறத்தாழ 2 இலட்சம் பிரதிகள் அச்சாயின எனக் கணிக்கப்படுகின்றது. இன்று எஞ்சியிருப்பவையோ சுமார் 100 என்று மதிப்பிடுவர். அவற்றுள் ஒன்று 2024 ஆம் ஆண்டில் 60 இலட்சம் டொலருக்கு ஏலம்போயிற்று.

அங்ஙனமாயின், ஏனைய பிரதிகள் எங்கே போயின? முதலாவதாக, அவை வாசிக்கவே வாங்கப்பட்டன. ஒரு சிறுவன் வாசித்துச் சுருட்டிக் காற்சட்டைப் பையிற் செருகினான்; பின்பு நண்பனிடம் கைமாற்றினான்; அவன் தம்பி வண்ணம் தீட்டினான்; தாய் அடுப்பு மூட்டினாள். இரண்டாவதாக, இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே போர்த்தேவைக்கெனப் பழைய கடதாசி சேகரிக்கும் இயக்கம் நாடெங்கும் நிகழ்ந்தது. சிறுவர்கள் தம் புத்தகங்களைக் கட்டுக் கட்டாகச் சுமந்து சென்று கொடுத்தனர். மூன்றாவது காரணம், என் போன்ற ஆசிரியரைச் சார்ந்தது. சித்திரக்கதைகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்ற எண்ணம் போரின் பின்னர் வலுத்தது. 1948 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், மேற்கு வர்ஜீனியா மாநிலத்துச் ஸ்பென்சர் என்னும் சிற்றூரிலே பாடசாலைப் பிள்ளைகள் சுமார் 2,000 புத்தகங்களைக் குவித்துத் தீயிட்டனர். பிற ஊர்களிலும் அத்தகைய தீ மூண்டது. 1954 இல் பிரெடெரிக் வேர்த்தம் என்னும் மனநோய் மருத்துவர் எழுதிய நூலொன்று அவ்வச்சத்தை மேலும் வளர்த்தது. அவர் தம் நூலிற் காட்டிய சான்றுகள் பல திரிக்கப்பட்டவை என்பதை, அவருடைய சொந்தக் குறிப்பேடுகளைக் கொண்டே ஆய்வாளர் ஒருவர் 2012 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். ஆனால், எரிந்த கடதாசி மீளவில்லை.

நேயர்களே, இவ்விடத்தில் என் பிழையொன்றையும் மறைக்காது கூறுதல் நேர்மையாகும். சுமார் 30 ஆண்டுகளுக்கு முன், நான் இளம் ஆசிரியனாக இருந்த காலத்தில், சரித்திர பாடம் நடந்துகொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் மேசைக்குக் கீழே புத்தகமொன்றை வைத்து வாசிப்பதைக் கண்டேன். அது சிவகாசியில் அச்சான ‘இரும்புக்கை மாயாவி’. பிரித்தானியச் சித்திரக்கதையொன்றின் தமிழ் வடிவம். வகுப்பு முழுவதும் பார்க்க, அதனை இரண்டாகக் கிழித்துக் கூடையிற் போட்டேன். மணி அடித்ததும் அம்மாணவன் யாதொன்றும் பேசாது கூடையருகே சென்று, துண்டுகளைப் பொறுக்கி, தன் அப்பியாசக் கொப்பியின் தாள்களுக்கிடையே ஒவ்வொன்றாக வைத்தான். அவன் தந்தையார் தம் சிறுபராயத்திலே வாங்கிக் காத்துவந்த புத்தகம் அஃது என்று பின்னரே அறிந்தேன். பாடநேரத்தில் அதனைப் படித்தது அவன் தவறு. கிழித்தது என் தவறு. அன்று தொடங்கியே இப்பொருளில் எனக்கு நாட்டம் உண்டாயிற்று.

இனி, கடதாசியின் இயல்பைக் காண்போம். அக்காலத்துச் சித்திரக்கதைகள், பத்திரிகைகள் அச்சாகும் மலிவான மரக்கூழ்த் தாளிலே அச்சிடப்பட்டன. மரத்தின் இழைகளை இறுக்கிப் பிடிக்கும் ‘இலிக்னின்’ என்னும் பொருள் அத்தாளிலிருந்து நீக்கப்படுவதில்லை. ஒளியும் காற்றும் படப்பட, அது ஒட்சியேற்றமடைந்து தாளை மஞ்சளாக்கும்; நாளடைவிற் பழுப்பாக்கும். உண்டாகும் அமிலம் இழைகளை அறுக்க, ஈற்றில் அப்பளம்போல் நொறுங்கும். அதாவது, புத்தகம் ஒருவராலும் தீண்டப்படாமல் இருந்தாலுங்கூடத் தன்னைத் தானே எரித்துக்கொள்ளும் இயல்புடையது. எண்பது ஆண்டுகள் கடந்த பின்பும் வெண்மை மாறாத தாளைக் காண்பது ஏன் அதிசயம் என்பது இதனால் விளங்கும்.

தரம் என்பது 0.5 தொடக்கம் 10 வரையான புள்ளிகளால் அளக்கப்படுகின்றது. ரொபேட் ஓவர்ஸ்ட்ரீட் என்பவர் 1970 ஆம் ஆண்டில் வெளியிட்ட விலைக் கையேடு இத்துறைக்கு ஓர் ஒழுங்கை வகுத்தது. 2000 ஆம் ஆண்டில், புத்தகங்களை மூன்றாந் தரப்பாகப் பரிசோதித்துப் புள்ளியிட்டு, ஒளிபுகும் கடினமான உறைக்குள் முத்திரையிட்டுக் கொடுக்கும் நிறுவனமொன்று தொழிற்படத் தொடங்கியது. 2 புள்ளி பெற்ற பிரதி நைந்தது, ஆயினும் முழுமையானது. 6 பெற்றது கண்ணுக்கு நல்லது. 8 பெற்றது மிக நல்லது. 9.4 என்பது கடையிலிருந்து அப்போதுதான் வாங்கியதை ஒத்தது. 1940களின் புத்தகங்களிலே 8 என்பதே பெரும் பேறு. 1960களின் புத்தகங்களில் 9க்கு மேற்பட்டவற்றையே உயர்தரம் என்பர்.

பரிசோதகர் எவற்றை நோக்குகின்றனர்? அட்டையின் மினுக்கம், மூலைகளின் கூர்மை, நடுவிற் குத்திய இரு கம்பிகளிலே துரு உளதா என்பது, தாளின் நிறம் ஆகியவற்றை நோக்குவர். புத்தகத்தை அழுத்தி விரித்தபோது முதுகிலே தோன்றிய வெண்ணிறக் கீறல்களையும் எண்ணுவர். அவற்றோடு, பக்கங்கள் அனைத்தும் முழுமையாக உள்ளனவா என்பதையும் எண்ணிப் பார்ப்பர். இதற்குத் தக்க காரணம் உண்டு. உதாரணமாக, 1974 இல் வெளிவந்த ‘இன்கிரெடிபிள் ஹல்க்’ 181 ஆம் இதழின் உள்ளே, சிறுவர் வெட்டியெடுத்துச் சேர்ப்பதற்கென முத்திரை ஒன்று அச்சிடப்பட்டிருந்தது. அட்டை புதிதுபோல் மின்ன, உள்ளே அம்முத்திரை வெட்டப்பட்ட பிரதிகள் பல. விரித்துப் பாராது வாங்கியோர் ஏமாந்தனர்.

தரத்தில் ஏற்படும் சிறு வேறுபாடு விலையிலே பெரும் வேறுபாடாக வளர்கின்றது. சிலந்தி மனிதன் முதன்முதல் தோன்றிய ‘அமேசிங் ஃபான்டசி’ 15 ஆம் இதழ், 1962 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத் திகதியுடன், 12 சதத்துக்கு விற்கப்பட்டது. 9.6 புள்ளி பெற்ற பிரதியொன்று 2021 இல் 36 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. அதே இதழின் மிக நைந்த பிரதி அத்தொகையில் நூற்றிலொரு பங்கையும் எட்டுவதில்லை. இரண்டிலும் உள்ள கதை ஒன்றே. வேறுபாடு முழுவதும் காத்த கைகளில் உள்ளது.

அவ்வாறு காத்த கைகளுட் புகழ்பெற்றவை, கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில் வாழ்ந்த எட்கார் சேர்ச் என்பாருடையன. அவர் விளம்பரச் சித்திரம் வரையும் ஓவியர். தம் தொழிலுக்கு மாதிரியாக உதவும் எனக் கருதி, 1930களின் பிற்பகுதி தொடக்கம் 1950கள் வரை சித்திரக்கதைப் புத்தகங்களை இதழ் தவறாது வாங்கினார். அவற்றை வீட்டின் அறையொன்றில் உயர உயர அடுக்கிவைத்தார். 1977 ஆம் ஆண்டில், அவர் முதுமையுற்று வீட்டை விட்டகன்ற பின், குடும்பத்தார் வீட்டை ஒழிக்க முற்பட்டபோது, அந்த அடுக்குகள் சக் ரொசான்ஸ்கி என்னும் இளம் புத்தக வணிகரின் பார்வைக்கு வந்தன. ஏறத்தாழ 18,000 தொடக்கம் 22,000 வரையான புத்தகங்கள் இருந்தன என்பர். டென்வர் நகரத்தின் காற்று உலர்ந்தது, அறை இருண்டது, மேலடுக்கின் பாரம் கீழிருந்தவற்றைத் தட்டையாக வைத்திருந்தது. நாற்பது ஆண்டு கடந்த தாள்கள் வெண்மை மாறாதிருந்தன. இன்றும் அவ்வீட்டிலிருந்து வந்த பிரதி என்றால் அதற்குத் தனி மதிப்பு. அவர் இலாபம் கருதிச் சேர்த்தவர் அல்லர் என்பதை நாம் கருத்திற் கொள்ள வேண்டும்.

அத்தகைய தொகுதியை இன்று கட்டியெழுப்ப விரும்புவோர் கைக்கொள்ளும் நெறிகள் சில உள. முதலாவது, எல்லையை வகுத்தல். எல்லா வீரரையும் சேர்க்க முனைபவர் ஒருவரையும் நிறைவாகச் சேர்ப்பதில்லை. ஒரு வீரனை, அல்லது ஓர் ஓவியரை, அல்லது ஒரு பத்தாண்டுக் காலத்தைத் தெரிந்து அதனுள் நிற்பதே அறிவுடைமை. இரண்டாவது, கண்ணைப் பழக்குதல். உறைமேல் உள்ள எண்ணை நம்புவதற்கு முன், விலை குறைந்த பல பிரதிகளைத் தாமே கையிலெடுத்து, புள்ளியிட்டுப் பழகவேண்டும். ஒரே புள்ளி பெற்ற இரு பிரதிகளில் ஒன்று கண்ணுக்கு அழகாகவும் மற்றையது மங்கலாகவும் இருத்தல் உண்டு. மூன்றாவது, பொறுமை. நடுத்தரப் பிரதிகள் பத்தை வாங்கும் பணத்துக்குச் சிறந்த பிரதி ஒன்றை வாங்குவோரே ஈற்றிற் சிறந்த தொகுதியை உடையோராகின்றனர். நான்காவது, ஒவ்வொன்றும் எவரிடமிருந்து, எப்போது, என்ன விலைக்கு வந்தது எனக் குறித்துவைத்தல்.

விலை உயர்ந்த இடத்திலே வஞ்சகமும் புகும். தேய்ந்த ஓரத்தைக் கத்தியால் நறுக்கி நேராக்குவோர் உளர். அதனால் அளவு சற்றுக் குறையும். நிறம் உதிர்ந்த இடத்தில் மை தொட்டு மறைப்போர் உளர். திருத்தம் செய்யப்பட்ட பிரதி அவ்வாறே அறிவிக்கப்பட்டு விற்கப்படின் குற்றமில்லை; ஆனால் அதன் விலை திருத்தம் அற்றதன் விலையிலும் மிகக் குறைவு. ஆகையால், நல்லெண்ணத்தோடு கூட ஒட்டுநாடாவினால் கிழிவை ஒட்டலாகாது. அப்பசை தாளிலே ஊறி, பழுப்புக் கறையை நிலைநிறுத்தும். குறையை உள்ளபடி விடுதலே நன்று.

வாங்குவதிலும் அரியது காத்தல். நூலகங்கள் கைக்கொள்ளும் முறையையே சேகரிப்போரும் பின்பற்றுகின்றனர். ‘மைலார்’ போன்ற பொலியெஸ்டர் உறையிலே புத்தகத்தை இட்டு, கல்சியம் காபனேற்றுச் சேர்ந்த, அமிலமற்ற அட்டையைப் பின்னே வைத்து, பெட்டியில் நிமிர்த்தி நிறுத்துவர். பொலிவைனைல் குளோரைட்டினால் ஆகிய உறை ஆகாது. அது தானே சிதைந்து புத்தகத்தையும் கெடுக்கும். வெப்பநிலை 20 பாகை செல்சியசு அளவிலும், ஈரப்பதன் 50 சதவீதத்துக்குக் குறைவாகவும் ஏறியிறங்காது நிற்றல் வேண்டும். நம் தீவின் கரையோரங்களில் ஈரப்பதன் ஆண்டின் பெரும்பகுதியில் இவ்வெல்லையைத் தாண்டிவிடுகின்றது. பூஞ்சணமும் இராமபாணப் பூச்சியும் கறையானும் என்ன செய்யும் என்பதைப் பாடசாலை நூலகத்தைத் திறந்து பார்த்த எவரும் அறிவர். டென்வர் நகரத்துக் காற்று நமக்கு வாய்க்கவில்லை. ஆகவே சுவரை விட்டு விலக்கி, தரையை விட்டு உயர்த்தி, வெயில் படாது வைத்து, மாதம் ஒருமுறை எடுத்துப் பார்த்தல் நம் கடமையாகின்றது.

விலையைக் கேட்டு மயங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. 1990களின் தொடக்கத்தில், சித்திரக்கதை வாங்கிவைத்தால் செல்வம் பெருகும் என்ற ஆசை அமெரிக்காவிலே பரவியது. 1991 இல் ‘எக்ஸ்-மென்’ முதலாம் இதழ் 80 இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயிற்று. 1992 இல் சுப்பர்மேன் இறந்ததாகக் கூறும் இதழைக் கறுப்பு உறையோடு வாங்கி, பிரிக்காமலே பூட்டிவைத்தனர். எல்லோரும் காத்துவைத்தமையால் அவை எவருக்கும் அரியனவாகவில்லை. சந்தை சரிந்தது, பல கடைகள் மூடுண்டன, பெரும் வெளியீட்டு நிறுவனமாகிய மார்வெல்லும் 1996 டிசம்பரில் வங்குரோத்து நிலைக்கு உட்பட்டது. அருமை என்பது திட்டமிட்டு உண்டாக்கப்படுவதன்று.

2024 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவைச் சேர்ந்த சகோதரர் மூவர், காலமான தம் தாயாரின் வீட்டுப் பரணிலே, பழைய பத்திரிகைக் கட்டுக்களின் கீழ் ஒரு பெட்டியைக் கண்டெடுத்தனர். அதனுள் 1939 ஆம் ஆண்டுச் ‘சுப்பர்மேன்’ முதலாம் இதழ் இருந்தது. 9 புள்ளி பெற்ற அப்பிரதி 2025 நவம்பரில் 91 இலட்சத்து 20 ஆயிரம் டொலருக்கு ஏலம்போயிற்று. அதனைச் சிறுமியாக இருந்தபோது பெற்ற அத்தாய் எறியவில்லை. அவ்வளவே அவர் செய்தது.

எது நாளை பொக்கிஷமாகும், எது குப்பையாகும் என்பதை முன்கூட்டி அறியும் ஆற்றல் எனக்கில்லை, உங்களுக்கும் இராது. ஆயினும், அறியாதவர் செய்யத்தக்கது ஒன்று உண்டு: கிழியாதிருத்தல். நான் அதிபராகக் கடமையாற்றும் பாடசாலையிலே, பாடநேரத்திற் பறிக்கப்படும் கதைப்புத்தகம் எதுவாயினும், அது மாணவனின் பெயரும் திகதியும் எழுதிய கடிதவுறையில் இடப்படுகின்றது. தவணை முடியும் நாளிலே, மூலை மடியாமல், அவன் கையிலேயே ஒப்படைக்கப்படுகின்றது.