கல்யாண வீடியோ ஏன் திணறுகிறது?

ஆடி பிறந்துவிட்டால் நெல்லைச் சீமையில் கல்யாண மேளம் ஓய்ந்துவிடும். ஆனால் திருநெல்வேலி ஜங்ஷன், பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் முதலிய இடங்களில் உள்ள வீடியோ ஸ்டூடியோக்களுக்கு ஓய்வு கிடையாது. வைகாசியிலும் ஆனியிலும் எடுத்துக் குவித்த கல்யாணங்களை வெட்டி ஒட்டி முடிக்க வேண்டியது அப்போதுதான். "அண்ணாச்சி, வளைகாப்புக்குள்ளயாவது வீடியோ வந்திருமா?" என்று பெண்ணைப் பெற்றவர் டெலிபோனில் கேட்கத் தொடங்குவதும் அப்போதுதான்.

கம்ப்யூட்டரோ சமயம் பார்த்துத் திக்குகிறது. தாலி கட்டப் போன மாப்பிள்ளையின் கை பாதியில் நின்றுவிட, கெட்டிமேளம் மட்டும் முழங்குகிறது. கடைத் தெருவிலோ ஆடித் தள்ளுபடி! புது யந்திரம் வாங்கினால்தான் விமோசனம் என்று எண்ணி, முகூர்த்தக் காலத்து வருமானத்தோடு கடனையும் சேர்த்துக் கொட்டுகிறவர்கள் உண்டு. கொட்டிய பிறகும் படம் திக்கினால் என்ன செய்வது?

எந்த மதகு அடைத்திருக்கிறது?

தாமிரபரணிப் பாசனம் அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பாபநாசத்தில் அணை நிரம்பியிருக்கலாம். ஆனால் வாய்க்காலில் ஒரே ஒரு மதகு அடைத்திருந்தாலும் கடைமடை வயலுக்கு நீர் எட்டாது. அணையை உயர்த்திப் பயனில்லை; அடைத்த மதகைத்தான் தேட வேண்டும்.

கம்ப்யூட்டரிலும் நான்கு மதகுகள் உண்டு. படங்களை வைத்திருக்கும் டிஸ்க், வேலை நடக்கும் ராம், கணக்கிடும் பிராசசர், கிராபிக்ஸ் கார்டு ஆகியவையே அவை. எது அடைத்திருக்கிறது என்று பார்க்கக் காசு செலவில்லை. திக்குகிற காட்சியை ஓடவிட்டு, விண்டோஸில் உள்ள டாஸ்க் மானேஜரைத் திறந்து பார்த்தால் போதும். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் எஸ்.எஸ்.டி. தேவை. ராம் நிரம்பி வழிந்தால் ராம் தேவை. பிராசசர் மூச்சு முட்டிக்கொண்டிருக்க, கிராபிக்ஸ் பகுதியில் 'வீடியோ டிகோட்' என்ற கோடு மட்டும் அசையாமல் கிடந்தால், கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

காமிராவைக் கேட்டு வாங்குங்கள்

ஒரு 4கே படத்தில் சுமார் 83 லட்சம் புள்ளிகள் உண்டு. பழைய முழு எச்.டி. படத்தைப் போல் இது நான்கு மடங்கு. இத்தகைய படங்கள் நொடிக்கு 25 வீதம் ஓட வேண்டும். அத்தனையையும் முழுதாக வைத்தால் கார்டு தாங்காது. ஆகவே எச்.264, எச்.265 முறைகளில் காமிரா எப்போதாவது ஒரு படத்தையே முழுதாக எழுதுகிறது. இடையில் வரும் படங்களில் மாறியதை மட்டும் குறித்துக்கொள்கிறது. இடம் மிச்சம்தான், ஆனால் நடுவில் உள்ள ஒரு படத்தைக் காட்ட, கம்ப்யூட்டர் முந்திய முழுப் படத்திலிருந்து கணக்குப் போட்டு வர வேண்டும்.

இக்கணக்கைப் போடவே தனிப் பகுதி ஒன்று சில்லுக்குள் இருக்கிறது. எல்லாச் சில்லுக்கும் எல்லா முறையும் தெரியாது என்பதில்தான் சூட்சுமம். புதிய காமிராக்கள் பல தரும் 10 பிட், 4:2:2 வகை எச்.265 படத்தை, 2021-இல் மேஜைக் கம்ப்யூட்டர்களுக்கு வந்த இன்டெல் 11-ஆம் தலைமுறைப் பிராசசர்களின் உள் கிராபிக்ஸே பிரித்துவிடும். என்விடியா கார்டுகளிலோ 2025-இல் வந்த 50 வரிசைக்குத்தான் அந்தத் திறமை. இன்டெல்லில் 'எஃப்' என்று முடியும் பிராசசர்களுக்கு உள் கிராபிக்ஸே கிடையாது. சில ஆயிரம் மிச்சம் என்று அதை வாங்கி, விலையுயர்ந்த 40 வரிசைக் கார்டைப் பக்கத்தில் பொருத்தினாலும் இந்த வகைப் படம் திணறத்தான் செய்யும்.

மற்றவற்றுக்குக் கணக்கு எளிது. முழு எச்.டி. வேலைக்கு 16 ஜி.பி. ராம் போதும், 4கே என்றால் 32 ஜி.பி. வேண்டும். நொடிக்கு 100 மெகாபிட் வீதம் எழுதும் காமிரா ஒரு மணி நேரத்தில் 45 ஜி.பி. நிரப்பும். இரண்டு காமிராக்கள் ஆறு மணி நேரம் ஓடினால் 540 ஜி.பி. ஆகிவிடும். சுழலும் பழைய ஹார்டு டிஸ்க் இரு காமிராவுக்கும் மாறி மாறித் தாவும்போது தடுமாறும். வேலையை எஸ்.எஸ்.டி.யில் செய்துவிட்டு, பழையதை நகல் வைக்கப் பயன்படுத்தலாம்.

செலவில்லாத வைத்தியம்

யந்திரத்தை மாற்றாமலே சமாளிக்கவும் வழியுண்டு. அதன் பெயர் பிராக்ஸி. மூலப் படங்களுக்குச் சிறிய, எளிதில் ஓடும் நகல்களை இரவில் தயாரிக்கவிட்டு, காலையில் அவற்றை வைத்து வெட்டி ஒட்டலாம். கடைசியில் வீடியோவை எழுதும்போது மென்பொருள் மூலப் படத்தையே எடுத்துக்கொள்ளும், தரம் குறையாது. நகலுக்கு இடம் வேண்டும். கடைசியாக எழுதும் நேரமும் இதனால் குறையாது. ஆனால் பழைய கம்ப்யூட்டர் இன்னொரு முகூர்த்தக் காலத்தை ஓட்டிவிடும்.

நெல்லை வெயிலையும் மறக்கலாகாது. தூசியடைத்த விசிறியோடு கொதிக்கும் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். புதுக் கோளாறு என்று அஞ்சியது சில சமயம் ஒரு பிரஷ்ஷால் தீர்ந்துவிடும்!

இப்படி மிச்சமாகும் பணத்தில் முதலில் வாங்க வேண்டியது, இரண்டாவது நகல் வைக்க இன்னொரு டிஸ்க். கம்ப்யூட்டரை அடுத்த ஆடியிலும் வாங்கலாம். தாலி கட்டியதை மறுபடி படம் எடுக்க முடியுமா?