கால் படாத குளம்

யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, பண்ணைப் பாலம் கடந்து, வேலணையைத் தாண்டி, இருபுறமும் கடல் விரிந்து கிடக்கும் நீண்ட தாம்போதி வழியே புங்குடுதீவுக்குள் நுழைகிறோம். அங்கே தார் வீதி முடிகின்ற இடம்தான் குறிகட்டுவான். அதற்கப்பால் படகுதான். நயினாதீவுக்குப் போகிறவர்களும் நெடுந்தீவுக்குப் போகிறவர்களும் அந்த இறங்குதுறையில்தான் காத்து நிற்பார்கள்.

நயினாதீவுப் பள்ளிவாசலுக்குப் போக வேண்டிய ஒரு வேலையாக அண்மையில் நானும் அங்கே போயிருந்தேன். படகு அப்போதுதான் புறப்பட்டுப் போயிருந்தது. அடுத்த படகுக்கு நேரம் இருந்தது. "தினமும் அரை மணி நேரமாவது நடக்க வேண்டும் மௌலவி" என்று வைத்தியர் சொல்லி ஆறு மாதமாகியும் அதைச் செய்யாதவன் நான். இன்றாவது நடப்போம் என்று வந்த வழியே திரும்பி நடந்தேன். வீதியை விட்டு இறங்கிய ஓர் ஒற்றையடிப் பாதை பனங்கூடலைக் கடந்து ஒரு குளக்கரையில் கொண்டுபோய் விட்டது. குளக்கட்டில் பற்றை மண்டிக் கிடந்தது. நீர் பாதிக்கும் குறைவு. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னைக் கண்டு கேட்டார்:

"எங்க தம்பி போறியள்? அங்கால வழி இல்லை."

"சும்மா நடக்கத்தான் ஐயா. இந்தக் குளத்தைச் சுற்றி வரலாமோ?"

"முந்தி வரலாம். நாங்கள் பெடியளா இருக்கேக்க விடியக்காலமை இந்தக் கட்டிலதான் எங்களுக்கு ஓட்டப்பந்தயம். சனம் நடந்த வரைக்கும் குளமும் குளமா இருந்தது. சனம் போச்சு, பாதை போச்சு, பிறகு குளமும் போச்சு."

படகில் ஏறி அமர்ந்த பிறகும் அந்தப் பெரியவரின் வார்த்தைகள் என்னை விடவில்லை. பாதை அழிந்ததால் குளம் அழிந்ததா? யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது முற்றிலும் உண்மை!

தண்ணீருக்காக ஓடிய தாய்

காலையில் சப்பாத்து அணிந்து ஓடுவதும் நடப்பதும் வேலையற்ற பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். மார்க்கத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்றும் கேட்கிறோம். அன்புச் சகோதர சகோதரிகளே! நாம் ஹஜ்ஜிலும் உம்ராவிலும் நிறைவேற்றும் ஸஃயி என்பது என்ன? தாகத்தால் துடித்த பச்சிளம் பாலகர் இஸ்மாயீல் (அலை) அவர்களுக்காக, அன்னை ஹாஜர் (அலை) அவர்கள் தண்ணீர் தேடி ஓடிய ஓட்டமல்லவா அது! ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏறத்தாழ 450 மீட்டர். ஏழு தடவை சென்றால் 3 கிலோமீட்டருக்கும் மேல். அந்த ஓட்டத்தின் முடிவில் அல்லாஹ் ஸம்ஸம் ஊற்றைக் கொடுத்தான். ஊற்று கண்டதும் அன்னையவர்கள் சும்மா இருக்கவில்லை. நீர் ஓடிப் போகாதபடி கையால் மண்ணை அணைத்துக் கட்டினார்கள். தண்ணீருக்காக ஓடியவரே அந்தத் தண்ணீரைக் காத்தவரும் ஆனார்.

நடையும் ஓட்டமும் நபிவழியில்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில், உடன் வந்தவர்களை முன்னே அனுப்பிவிட்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். அன்னையவர்கள் முந்தினார்கள். பின்னொரு பயணத்தில், அன்னையவர்களுக்கு உடல் சதை வைத்திருந்த காலத்தில், மீண்டும் ஓடினார்கள். இம்முறை நாயகம் முந்தினார்கள். அன்றைக்கு இது ஈடு என்று சொல்லிச் சிரித்தார்கள். மனைவியோடு ஓடி விளையாட அந்த மாநபிக்கு நேரமிருந்தது. நமக்கு?

ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அவர்களின் கால் வேகம் ஸஹாபாக்களிடையே புகழ்பெற்றது. நபியவர்களின் பால் ஒட்டகங்களைக் கொள்ளையர் ஓட்டிச் சென்றபோது அவர் தனியாளாகக் கால்நடையாகவே விரட்டிச் சென்று மீட்டார். திரும்பும் வழியில், ஓட்டத்தில் யாராலும் வெல்லப்படாத ஓர் அன்ஸாரித் தோழர் பந்தயத்துக்கு அழைத்தார். நாயகத்திடம் அனுமதி பெற்று ஓடி, அவருக்கு முன்பாகவே மதீனாவை அடைந்தார் ஸலமா.

நாயகம் (ஸல்) அவர்கள் சனிக்கிழமைதோறும் குபாப் பள்ளிக்குச் செல்வார்கள். சில வேளை வாகனத்தில், சில வேளை நடந்தே. இன்று மஸ்ஜிதுன் நபவியிலிருந்து குபா வரை ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளத்துக்கு நடப்போருக்கென்றே ஒரு பாதை இருக்கிறது. பள்ளிக்கு அருகே குடிபெயர விரும்பிய பனூ ஸலிமா கூட்டத்தாரை, இருக்கும் இடத்திலேயே இருங்கள், உங்கள் காலடிகள் பதிவு செய்யப்படுகின்றன என்ற கருத்தில் நாயகம் தடுத்ததும் நாம் அறிந்ததே.

ஆனால் ஒன்று. குளத்தைச் சுற்றி நடப்பது தனியொரு வணக்கம் என்று யாரும் புதிதாக எதையும் உண்டாக்கிவிட வேண்டாம். அது ஆகுமான ஒரு செயல். அல்லாஹ் அமானிதமாகத் தந்த உடலையும் நீரையும் பேணுகிறேன் என்ற நிய்யத்து இருந்தால் நற்கூலி உண்டு, இன்ஷா அல்லாஹ்.

உப்பின் மேல் மிதக்கும் நன்னீர்

தீவகத்தில் ஆறு இல்லை. பெரிய நீர்த்தேக்கங்களும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்கின்ற மழைதான் ஆண்டு முழுவதற்கும் ஆதாரம். அந்த மழைநீர் சுண்ணாம்புக் கல்லின் வழியே கீழே இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. நன்னீர் உப்புநீரைவிட இலேசானது என்பதே காரணம். கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீர் ஆய்வாளர்களின் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உப்பு எவ்வளவு மேலேறும் என்று எண்ணிப் பாருங்கள்!

அந்தப் படலத்துக்கு நீர் ஊட்டுகின்ற வாய்தான் குளம். குளம் தூர்ந்தால் மழை கடலுக்கு ஓடும், கிணறு உவராகும், கிணறு உவரானால் குடும்பம் ஊரை விட்டுப் போகும். நெடுந்தீவில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து பெருகிய குதிரைகள் கட்டாக்காலியாகத் திரிகின்றன. வறட்சி முற்றிய ஆண்டுகளில் அவை தண்ணீரின்றிச் செத்து விழுந்திருக்கின்றன. வாயில்லாச் சீவன்களுக்கு வந்தது வாயுள்ள நமக்கு வர எவ்வளவு நேரம்?

பாதை ஏன் அழிந்தது?

1990 அக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் அனைவரும் தாய்மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டோம். யாழ் நகரத்தாருக்கு அன்று கிடைத்த அவகாசம் சில மணி நேரமே. புத்தளத்தின் ஓலைக் கொட்டில்களில் வளர்ந்த பிள்ளைகளில் நானும் ஒருவன். அதே ஆண்டுகளில் யுத்தம் தீவகத்துத் தமிழ் மக்களையும் சிதறடித்தது. குடாநாட்டுக்கும் வன்னிக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் அவர்கள் போனார்கள். திரும்பி வந்தவர்கள் சிறு தொகையினரே. சனம் போனதும் குளத்துக்குப் போகும் பாதை மூடியது. வரத்து வாய்க்காலில் என்ன அடைத்திருக்கிறது, கட்டில் எங்கே உடைவு என்று பார்க்க ஆளில்லை. யாரும் பார்க்காத இடத்தில் குப்பை கொட்டுவது எளிதல்லவா?

தண்ணீர்த் துறையிலும் நடைபாதையிலும் நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்துக்குரிய செயல் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். நீர், பாதை, நிழல் என்ற இம்மூன்றும் ஒன்றுசேரும் இடம் குளக்கரைதானே!

மறுபுறம் நம் உடல்களைப் பாருங்கள். இலங்கையில் வயது வந்தவர்களில் ஐந்து பேருக்கு ஒருவருக்கு மேல் நீரிழிவு இருப்பதாக 2018-19 இல் நடந்த நாடளாவிய ஆய்வு காட்டியது. வயது வந்தவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடலை இயக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதாவது, நாளுக்கு அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள். நடக்க இடமில்லை என்கிறோம். குளமோ நடக்க ஆளில்லாமல் கிடக்கிறது.

என்ன செய்யலாம்?

யாழ் நகரின் ஆரியகுளம் 2021இல் நடைபாதையோடு திருத்தி அமைக்கப்பட்டது. கிராமத்துக் குளத்துக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. ஆவணி, புரட்டாசியில், மழைக்கு முன்பு, ஊர் கூடி வரத்து வாய்க்காலைத் துப்புரவாக்கலாம். கட்டின் மேல் இருவர் சேர்ந்து நடக்குமளவு பற்றையை வெட்டினால் போதும். அழகுக்காகக் குளத்தின் அடியில் சீமெந்து பூசிவிடாதீர்கள். நீர் கீழே இறங்கும் வழி அடைபட்டுவிடும். பாதையும் மண் பாதையாகவே இருக்கட்டும். கரையில் பூவரசும் வேம்பும் நடலாம். சுற்றளவு 300 மீட்டர் உள்ள சிறு குளமென்றாலும் பத்துச் சுற்று 3 கிலோமீட்டர் ஆகிவிடும்.

சகோதரிகளை மறந்துவிட வேண்டாம். நம் வீடுகளில் சீனி வருத்தத்தோடு அடுப்படியே கதியென்று இருக்கும் உம்மாமார் எத்தனை பேர்! அவர்கள் ஹிஜாபைப் பேணி நாலைந்து பேராகச் சேர்ந்து நடப்பதற்கு, காலையில் ஒரு நேரத்தை ஊரார் ஒதுக்கிக் கொடுக்க வேண்டும். ஆண்கள் அந்த நேரத்தில் ஒதுங்கிக்கொள்வதுதான் கண்ணியம்.

நீரிழிவு உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்டுக்கொண்டே தொடங்குங்கள். இன்சுலின் ஏற்றுபவர்கள் வெறும் வயிற்றோடு ஓட வேண்டாம். காலில் செருப்போ சப்பாத்தோ கட்டாயம் இருக்கட்டும். பற்றையில் பாம்பு இருக்கும் என்பதால் நன்றாக விடிந்த பிறகே இறங்குங்கள். சிறுபிள்ளைகளைத் தனியே நீரருகே விடாதீர்கள்.

பள்ளியைச் சேர்ந்தவர்களும் கோவிலைச் சேர்ந்தவர்களும் ஒரே குளத்தைச் சுற்றி நடந்தால், ஒருவர் முகத்தை ஒருவர் நாள்தோறும் காண்பார்கள். ஒரே நீரைக் குடிக்கும் அண்டை வீட்டார் நாம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் விலகியிருந்த மனங்கள் நெருங்குவதற்கு, மேடைப் பேச்சைவிட அந்தக் காலை நடை உதவும் என்று நம்புகிறேன்.

நயினாதீவிலிருந்து திரும்பிய மாலையில் அந்தக் குளத்தடிக்கு மீண்டும் போனேன். பெரியவர் இன்னும் அங்கேதான் இருந்தார். பற்றைக்குள் புகுந்து கட்டின் மேல் பாதி தூரம் நடந்தேன். முள் கிழித்தது. அதற்கு மேல் போக முடியவில்லை.

"முழுக்கச் சுத்தேலாதெண்டு சொன்னனானே தம்பி" என்றார் அவர்.

"அடுத்த முறை கத்தியோடு வாறன் ஐயா" என்றேன்.

"வாங்கோ. நானும் வாறன்" என்றார்.

நம் கால்களுக்கு வலிமையையும், நம் குளங்களுக்கு நீரையும், பிரிந்த மக்களுக்கு ஊர் திரும்பும் பாக்கியத்தையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.