பவுனுக்கு இரண்டு விலை

பவுன் என்னும் சொல்லை அறியாத தமிழர் இல்லை. "பெண்ணுக்கு எத்தனை பவுன்?" என்ற ஒரு கேள்வியில் எத்தனையோ குடும்பங்களின் நிம்மதி அடங்கிக் கிடக்கிறது. ஆனால், அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? இங்கிலாந்தின் 'பவுண்டு' நம் நாவில் பவுன் ஆயிற்று. ஒரு பவுண்டு மதிப்புள்ள 'சாவரின்' என்னும் பொற்காசு சவரன் ஆயிற்று. காசு வழக்கொழிந்த பின்னும் அதன் பெயர் எட்டுக் கிராம் எடையின் பெயராக நம்மிடம் தங்கிவிட்டது. நாம் பயிலும் இந்த வடநாட்டிலோ இதே காசைக் 'கின்னி' என்கிறார்கள். அது சவரனுக்கு முன் இங்கிலாந்தில் வழங்கிய மற்றொரு பொற்காசின் பெயர்.

பொன் விலை ஏறிக்கொண்டே போவதைக் கண்ட சங்க நண்பர்கள் சிலர், "உதவித்தொகையில் மிச்சம் பிடித்துப் பழைய பிரிட்டிஷ் பவுன் ஒன்று வாங்கி வைக்கலாமா?" என்று என்னைக் கேட்டதுண்டு. பொருளாதாரம் பயில்பவன் என்ற முறையிலும், பழங்காசுகளில் ஈடுபாடு உள்ளவன் என்ற முறையிலும் நான் அறிந்ததை இங்கே கூறுகிறேன்.

இன்று நாம் காணும் வடிவில் சவரன் 1817-ம் ஆண்டு வெளிவந்தது. ஒரு பக்கம் அரசரின் தலை. மறுபக்கம் குதிரைமேல் அமர்ந்து பறவைநாகத்தைக் கொல்லும் புனித ஜார்ஜ். இப்படத்தைச் செதுக்கியவர் பிஸ்ட்ரூச்சி என்ற இத்தாலியர். 1899-ம் ஆண்டுச் சட்டத்தால் இந்தியாவிலும் இக்காசு 15 ரூபாய்க்குச் சமமாகச் செல்லத்தக்கதாயிற்று. ஆகவேதான் நம் பாட்டிமாரின் பெட்டிகளில் இதற்கு இடம் கிடைத்தது.

இனி, காசில் எவ்வளவு பொன் இருக்கிறது என்று பார்ப்போம். சவரனின் எடை 7.988 கிராம். அது 22 காரட். பன்னிரண்டில் பதினொரு பங்கு பொன், ஒரு பங்கு பெரும்பாலும் செம்பு. எனவே சுத்தப் பொன் 7.322 கிராம்தான். எட்டுக் கிராம் அன்று!

கணக்கின் எளிமைக்காக, சுத்தப் பொன் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காசிலுள்ள பொன்னின் மதிப்பு 73,220 ரூபாய். "ஒரு பவுன் என்றால் எட்டுக் கிராம்" என்று சொல்லி ஒருவர் 80,000 கேட்டால், இல்லாத பொன்னுக்கு ஏறத்தாழ 6,800 ரூபாய் கொடுக்கிறோம். "இது பழமையான காசு" என்று மற்றொருவர் 95,000 கேட்டால், ஏறத்தாழ 22,000 ரூபாய் பழமைக்காகக் கொடுக்கிறோம். அந்தக் காசை விற்கப் போகும்போது பொற்கொல்லர் பழமையை நிறுப்பதில்லை. பொன்னை மட்டுமே நிறுக்கிறார். போட்ட பணம் திரும்பவே பொன் விலை 30 விழுக்காடு உயர வேண்டும்.

ஆகப் பவுனுக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று பொன்னின் விலை. அது நாள்தோறும் செய்தித்தாளில் வருகிறது. மற்றொன்று அருமையின் விலை. அது சேகரிப்பவரின் ஆவலில் இருக்கிறது. எந்த விலையைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பவன் ஏமாறுவதில்லை.

அப்படியானால் பழைய காசுகள் எல்லாம் அரியவை அல்லவா? அல்ல. சவரன்கள் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டவை. நூறாண்டு கண்ட காசுகளில் பலவும் இன்று எளிதில் கிடைக்கின்றன. அருமையைத் தீர்மானிப்பது ஆண்டும், அடித்த நாணயச்சாலையும், காசின் நிலையும்தான். இலண்டனில் அடித்தவற்றில் எழுத்துக் குறி இராது. சிட்னிக்கு 'எஸ்', மெல்போர்னுக்கு 'எம்', பெர்த்துக்கு 'பி', கனடாவின் ஒட்டாவாவுக்கு 'சி', தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவுக்கு 'எஸ்.ஏ.' என்று ஆங்கில எழுத்துகள் உண்டு. ஐந்தாம் ஜார்ஜ் காசுகளில் இவை ஆண்டு எண்ணுக்குச் சற்று மேலே, தரைக்கோட்டில் மிகச் சிறியனவாக இருக்கும். 1917-ம் ஆண்டு ஆஸ்திரேலியச் சவரன் பெரும்பாலும் சாதாரணக் காசு. அதே ஆண்டில் இலண்டனில் அடித்த, எழுத்தில்லாத சவரனோ மிக அரியது. ஓர் எழுத்து இருப்பதற்கும் இல்லாததற்கும் விலையில் எத்தனை மடங்கு வேற்றுமை! அதனாலேயே அந்த ஆண்டின் போலிகளும் உலவுகின்றன.

நம் நாட்டுக்கும் ஒரு குறி உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில் தொடங்கி, 1918 என்ற ஆண்டு எண்ணை மட்டும் பொறித்து, பம்பாயில் ஏறத்தாழ 13 லட்சம் சவரன்கள் அடிக்கப்பட்டன. அவற்றின் குறி 'ஐ'. என் பாட்டியிடம் இருந்த நான்கு காசுகளில் ஒன்று அது. தங்கையின் திருமணத்திற்கு நான்கையும் உருக்குவதாக வீட்டில் பேச்சு எழுந்தது. காசுமாலைக்காக வளையம் பற்றவைத்திருந்த இரண்டை மட்டும் உருக்கலாம் என்றேன். பற்றவைப்புப் பட்ட காசைச் சேகரிப்பவர் விரும்புவதில்லை, அதன் மதிப்பு பொன்னளவுதான். மற்ற இரண்டும் இன்னும் அம்மாவிடம் இருக்கின்றன. புளி போட்டுத் துலக்க வேண்டாம் என்றும் சொல்லி வைத்திருக்கிறேன். துலக்கினால் காசின் மேற்பரப்பு கெட்டு, அருமையும் போய்விடும்.

போலியை அறியும் வழி என்ன? எடையோடு விட்டத்தையும் தடிப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விட்டம் 22.05 மில்லிமீட்டர், தடிப்பு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். செம்பும் பித்தளையும் ஈயமும் பொன்னைவிட இலேசானவை. எனவே அவற்றால் செய்த போலி எடையில் சரியாக இருந்தால் அளவில் பெருத்திருக்கும். அளவில் சரியாக இருந்தால் எடையில் குறைந்திருக்கும். ஆனால், உண்மைப் பொன்னிலேயே செய்த போலிகளும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சவரனுக்குப் பொன்னைவிடக் கூடுதல் விலை இருந்ததால், பெய்ரூட் போன்ற இடங்களில் அத்தகையவை அடிக்கப்பட்டன. அவற்றை எதிர்க்கவே பிரிட்டன் 1957-ம் ஆண்டு மீண்டும் சவரன் அடிக்கத் தொடங்கியது. இவற்றைத் தராசு காட்டித் தராது. எழுத்துகளின் கூர்மையையும் படத்தின் நுணுக்கத்தையும் பழகிய கண்தான் காணும். ஆகவே, எழுத்து மூலமான ரசீது தராதவரிடம் அரிய காசு வாங்கலாகாது.

மேற்படிப்புக்கு வெளிநாடு செல்லும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டு கடந்த காசும் தொல்பொருளே. அதைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்ல முடியாது. பாட்டி ஆசையோடு கையில் திணித்தாலும் பழம் பவுனை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.

முடிவாக, சேமிப்புக்கு வேண்டுமானால் பொன்னின் விலைக்கு அருகில் கிடைக்கும் சாதாரணச் சவரனை வாங்குங்கள். அருமைக்காக வேண்டுமானால் முதலில் ஆறு மாதம் காசுகளைக் கற்றுக்கொள்ளுங்கள், பிறகு வாங்குங்கள். இரண்டையும் ஒன்றாக எண்ணி வாங்குபவரின் பணத்தில்தான் பிறர் இலாபம் காண்கிறார்கள்.