ஏடு பெயர்த்தலும் பாடம் காத்தலும்

பெரியவாச்சான் பிள்ளை அருளிச்செய்த பெரியாழ்வார் திருமொழி வ்யாக்யானத்தின் பெரும்பகுதி பிற்காலத்தில் லுப்தமாய்ப் போயிற்று. 1370-இல் திருக்குருகூரில் அவதரித்த மணவாள மாமுனிகள், அந்த ப்ரபந்தம் முழுமைக்கும் புதிதாக உரையிட முற்படவில்லை. இழந்த இடத்துக்கு மட்டும் வ்யாக்யானம் அருளி, பழைய ஏடு கிடைத்த இடத்தில் எழுத்தாணியை வைத்துவிட்டார். முழுவதற்கும் உரையிடும் ஆற்றல் அவருக்கு இல்லை என்பார் ஒருவரும் இலர். இருப்பதைக் கலையாமல் இல்லாததை நிரப்புவது பெரிய கட்டுப்பாடு. கணினித் துறையார் இன்று ‘மறுகட்டுமானம்’ என்று பெயரிட்டு நடத்தும் காரியத்தை அளக்க இந்த அளவுகோல் நன்கு பொருந்தும்.

தமிழ் நூல்கள் பலவற்றை இப்போது இணையத்தில் தாங்கி நிற்பது தமிழ் விக்கிமூலம். அதன் அடியில் இயங்கும் நிரலுக்கு மீடியாவிக்கி என்று பெயர். பிஎச்பி என்னும் கணினிமொழியில் எழுதப்பட்டு, 2002 முதல் விக்கிப்பீடியாவில் நடைபெற்று வருவது இதன் வழி. இது திறமூல நிரல். அதாவது, எவரும் இதனைப் படி எடுக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். திருத்தி வெளியிடுகிறவர் தாம் பெற்ற அதே உரிமையைப் பெறுபவர்க்கும் அளிக்கவேண்டும் என்பதே நிபந்தனை.

இருபது ஆண்டு கடந்த இந்நிரலின் முகப்புப் பகுதியை மறுபடி கட்டும் பணி நடந்து வருகிறது. 2020-இல் விக்கிமீடியா அறக்கட்டளை இதற்கு ‘வியூ’ என்னும் சட்டகத்தைத் தெரிந்தெடுத்தது. சட்டகம் என்றால் யாது என்னில்: ஒரு கோயிலில் உத்ஸவத் தேதி மாறுகிறது என்று கொள்க. பழைய முறையில், கோபுர வாசலில் உள்ள பலகை, மடைப்பள்ளிக் குறிப்பு, அத்யாபகர்க்கு அனுப்பிய ஓலை ஆகிய ஒவ்வொன்றையும் ஒருவர் நினைவு வைத்துத் திருத்தவேண்டும்; ஒன்றை மறந்தால் தளிகை ஒரு நாளிலும் புறப்பாடு ஒரு நாளிலும் ஆகும். சட்டகம் உள்ள இடத்தில் மூலக் கணக்கில் மாற்றினால் போதும். அதனைப் பார்த்து எழுதப்பட்டவை யாவும் தாமே மாறும். இணையப் பக்கத்தின் பொத்தானும் தேடற்பெட்டியும் பட்டியலும் இப்படி ஒரு மூலத்தை நோக்கி நிற்பதே இதன் பயன்.

அறக்கட்டளையார் பழைய கட்டடத்தை ஒரே நாளில் இடித்துவிடவில்லை. உள்ளே பிஎச்பி அப்படியே இருக்க, முகப்பின் உறுப்புகளை ஒவ்வொன்றாகவே மாற்றினர். அதற்குள்ளேயே, 2020 செப்டம்பரில் வியூவின் மூன்றாம் பதிப்பு வந்தது. இரண்டாம் பதிப்புக்கு 2023 முடிவோடு ஆதரவு நின்றது. ஆக, புதிதாகக் கட்டியதையும் திரும்பக் கட்ட நேர்ந்தது. புதியது என்ற ஒரே காரணத்தால் ஒன்றைப் பற்றுபவர்க்கு இது தவிர்க்கமுடியாத செலவு.

இதற்கு நேர் எதிரான செய்தியும் உண்டு. விக்கி நடையில் எழுதிய மூலத்தைப் படிக்கும் பக்கமாக ஆக்கித் தரும் ‘பார்சாய்டு’ என்னும் உறுப்பு முதலில் ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்டது. 2019-இல் அதனை மீண்டும் பிஎச்பிக்கே கொண்டுவந்தனர். இரு மொழிகளில் இரு வீடு நடத்துவதிலும் பழைய மொழியில் ஒரு வீடு நடத்துவது மேல் என்று கண்டனர். இவ்வுறுப்பைச் சோதித்த முறைதான் இங்குக் குறிப்பாக நோக்கத்தக்கது. மூலத்தைப் பக்கமாக மாற்றி, அப்பக்கத்திலிருந்து மூலத்தைத் திரும்ப வருவித்து, முதலில் இருந்ததோடு ஒப்பிட்டனர். படியிலிருந்து ஒரு படி எடுத்து அதனைத் தாய் ஏட்டோடு ஒத்துப் பார்ப்பதற்கு ஒப்பானது இது. எழுத்து விழுந்திருந்தால் ஏதோ ஓரிடத்தில் அகப்பட்டே தீரும்.

முகப்பு மாறுவதால் பாடம் கெடுமோ என்னில், எழுத்தின் குறியாக்கம் மாறும்போது கெட இடமுண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர் உழைப்பால் தமிழ் இலக்கியங்களை மின்னேடாக்கி இலவசமாக அளித்தது; திவ்ய ப்ரபந்தமும் அவற்றுள் அடங்கும். அக்காலத்தில் அது கைக்கொண்டது திஸ்கி என்னும் குறியாக்கம். திஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் சேமிக்கப்படும்: ‘கெ’ என்பதில் கொம்பு முன், ககரம் பின். யூனிகோடில் ஒலிக்கும் வரிசை: ககரம் முன், கொம்பு பின். ‘கொ’ திஸ்கியில் மூன்று துண்டு, யூனிகோடில் இரண்டு. எனவே யூனிகோடுக்குப் பெயர்த்தபோது ஒவ்வொரு கொம்பையும் இடம் மாற்றவேண்டியிருந்தது.

கண்ணுக்குத் தெரியாத பிழைகள் இவ்விடத்தில்தான் புகும். ‘கௌஸ்துபம்’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ளகரமும் இட்டு எழுதுவது இணையத்தில் மிகப் பரவியிருக்கிறது. படிப்பவர்க்கு வேறுபாடு தோன்றாது. ஆனால் திருநாமத்தையோ திருவாபரணத்தையோ தேடுபவர்க்கு அந்தப் பாசுரமும் வ்யாக்யான வாக்யமும் இல்லாதது போலாகும். நூல் இருக்கிறது, கிடைக்கவில்லை.

மணிப்ரவாள வ்யாக்யானங்களுக்கு இடர் இன்னும் அதிகம். ஈடு முதலானவை தெலுங்கு எழுத்திலும் க்ரந்தம் கலந்தும் அச்சாயின. க்ரந்த எழுத்துக்கு யூனிகோடில் இடம் கிடைத்தது 2014-இல்தான். அதற்கு முன்னும் இன்றும் தமிழெழுத்தில் இடுவோர், வல்லினத்தின் நால்வகையைக் காட்ட மேற்குறி எண் இடுவர்: ‘ப³லம்’ என்றால் வலிமை, ‘ப²லம்’ என்றால் பயன். சில தேடற்கருவிகள் எழுத்துகளை ஒருசீராக்கும்போது இந்த மேற்குறியைச் சாதாரண எண்ணாக்கிவிடும். பெயர்ப்பவர் அதனை அடிக்குறிப்பு எண் என்று கருதி நீக்கவும் கூடும். அப்போது இரண்டும் ‘பலம்’ ஆகும். உபாயத்தையும் பலத்தையும் பிரித்துப் பேசுகிற ஒரு வாக்யத்தில், பயனைச் சொன்ன சொல் வலிமையைச் சொன்னதாகப் படிக்கப்படும். நிரல் எழுதுபவர்க்கு இது பிழையாகவே தோன்றாது. பக்கம் அழகாகவே திறக்கும்.

இதற்கு விக்கிமூலத்தில் ஒரு காப்பு உண்டு. அச்சுப் பக்கத்தின் படம் ஒரு புறமும் தட்டெழுதிய பாடம் மறுபுறமும் நிற்கும். மெய்ப்புப் பாராத பக்கம் சிவப்பு. ஒருவர் பார்த்தது மஞ்சள். முன்பு பார்த்தவரல்லாத வேறொருவர் சரிபார்த்தபின்பே பச்சை. முகப்பு எத்தனை முறை மாறினாலும் படம் அப்படியே இருப்பதால் தாய் ஏடு கைவிட்டுப் போகாது. ஆனால் க்ரந்தமும் ஸம்ப்ரதாயமும் அறியாத இருவர் சேர்ந்து பச்சையிட்டால் அந்த நிறத்துக்குப் பொருளில்லை.

பத்துப்பாட்டின் ஏட்டைத் தேடி உ.வே.சாமிநாதையர் ஆழ்வார்திருநகரிக்கு வந்ததும், கவிராயர் ஒருவரின் வீட்டில் அது கிடைத்ததும் தாமிரபரணிக் கரையார் பெருமையோடு சொல்லும் செய்தி. அந்த ஏடு அங்கு இருந்ததற்குக் காரணம், செல்லரிக்கு முன் தலைமுறைதோறும் யாரோ ஒருவர் படி எடுத்ததே. மின்னேட்டுக்கு அந்தக் கால அளவு மிகக் குறுகியது. திஸ்கிக்குப் பத்தாண்டு ஆயுள்கூட நிறைவாக இருக்கவில்லை எனலாம். ஆகையால் வ்யாக்யான நூல் ஒன்று இடம்பெயரும் ஒவ்வொரு முறையும், பெயர்ப்பதற்கு முன்னும் பின்னும் மேற்குறி இட்ட சொற்களை எண்ணி, இரு கணக்கும் ஒத்தனவா என்று பார்ப்பது குறைந்தபட்சத் தேவை. அதனை நிரலே சில நொடிகளில் செய்துவிடும். ஒவ்வாத இடத்தில் எது பாடம் என்று தெளிவதற்கு ஈட்டை ஆசார்யமுகமாகக் கேட்ட ஒருவர் அருகில் அமரவேண்டும்.